வெற்று மண்டையோடும் விடுபட்ட வரிகளும்

பிறந்த குழந்தைக்கு எண்ணெய் வைக்கும் பாட்டிமார்கள் தலை முழுவதும் அழுத்தித் தேய்த்தாலும் உச்சிக்குழிக்கு வரும்போது மட்டும் விரல் நுனியால் தொட்டு எடுத்துவிடுவார்கள். அங்கே இன்னும் எலும்பு கூடவில்லை. தோலுக்குக் கீழே துடிப்பது கண்ணுக்கே தெரியும். குறைமாதத்தில் பிறந்த சிசுவின் மூளையில் ரத்தக் கசிவு உண்டா என்று அறிய மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை அந்தக் குழியின் மேல்தான் வைக்கிறார்கள். படம் தெளிவாக வருகிறது. ஒன்றரை வயது வாக்கில் குழி மூடிக்கொள்கிறது. அதன்பிறகு அதே கருவி, அதே மருத்துவர், அதே தலை. படம் மட்டும் வருவதில்லை. குறுக்கே வந்து நின்றது சில மில்லிமீட்டர் எலும்பு.

அந்தச் சில மில்லிமீட்டரைத் தாண்டி ஒலியால் பார்க்கும் முயற்சிக்கு எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. கவிதையும் நாவலும் பேசுகிற இடத்தில் இதற்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பிரதியை வாசிப்பது வேறு, பிரதிக்கும் நமக்கும் இடையில் நிற்கும் ஒன்றைப் பிரதி என்று மயங்குவது வேறு. நம் துறையின் பழைய சிக்கல்களுள் ஒன்று இது. மருத்துவத்திலும் அது அப்படியே நடந்திருக்கிறது. நான் வசிக்கும் நீலகிரியில் அதன் விலை இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை.

சிக்கலைப் புரிந்துகொள்ள இயற்பியல் அதிகம் வேண்டாம். குன்னூரிலிருந்து அருவங்காடு, கேத்தி வழியாக உதகைக்குப் போகும் சாலையில் மூடுபனி இறங்கிய மாலையில் பயணம் செய்திருந்தால் போதும். பழகிய ஓட்டுநர் விளக்கைத் தாழ்த்தி மெல்லச் செல்வார். புதிதாக வந்தவர் பயந்துபோய் ஹைபீம் போடுவார். உடனே கண்ணெதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும். ஒளியைக் கூட்டினால் சாலை கூடுதலாகத் தெரிவதில்லை, பனிதான் கூடுதலாகத் தெரிகிறது. மண்டையோட்டின் முன் ஒலிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். வலுவைக் கூட்டினால் எலும்பிலிருந்து வரும் எதிரொலி கூடும், எலும்பு சூடேறும்.

உடலின் மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மண்டையெலும்பில் அவ்வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வேகம் மாறும் எல்லையில் ஒரு பகுதி திரும்பிவிடும், ஒரு பகுதி வளையும். அவ்வெலும்பு ஒரே தகடாக இருந்தாலாவது கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். வெளியே ஒரு கெட்டித் தகடு, உள்ளே ஒரு கெட்டித் தகடு, நடுவில் கடற்பஞ்சு போன்ற எலும்பு. கனமும் இடத்துக்கு இடம் வேறு. சீராகப் புறப்பட்ட அலை ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் கசங்கி உள்ளே நுழைகிறது. மூளையில் பட்டுத் திரும்பும்போது மறுபடியும் அதே எலும்பு, மறுபடியும் அதே கசங்கல். தைராய்டு சுரப்பியைப் பார்க்கப் பத்து மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஒலியைப் பயன்படுத்துவார்கள். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும். எலும்போ அதிர்வெண் கூடக்கூட அதிகமாக விழுங்கும். ஆகவே தலைக்கு இரண்டு மெகாஹெர்ட்ஸ் என்று இறங்கிவர வேண்டியிருக்கிறது. நுணுக்கத்தைக் கொடுத்து ஊடுருவலை வாங்குகிறோம்.

இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. காதுக்கு முன்னால், புருவத்தின் வாலுக்குப் பின்னால் இருக்கும் பொட்டில் எலும்பு மெல்லியது. ‘பொட்டில் அறைந்தாற்போல’ என்னும் தொடரை உண்டாக்கியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவர்கள் அவ்விடத்தை ஜன்னல் என்கிறார்கள். பெரியவர்களில் பத்துக்கு ஒருவர் இருவருக்கு இந்த ஜன்னல் திறப்பதே இல்லை. வயதான பெண்களிடம் இது இன்னும் அதிகம். குழந்தைகளுக்கு எலும்பு மெல்லியது, பெரும்பாலும் திறந்திருக்கும்.

இனி வரலாறு. வியன்னாவில் கார்ல் டுசிக் என்ற நரம்பியல் மருத்துவர் இருந்தார். 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலையின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி மறுபக்கத்தில் வாங்கி, எங்கே அதிகமாக வருகிறது, எங்கே குறைவாக வருகிறது என்பதை ஒளியும் நிழலுமாகப் பதிவு செய்தால் மூளையின் உட்பகுதி தெரியும் என்பது அவருடைய எண்ணம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. திரவம் ஒலியைக் குறைவாகவே உறிஞ்சும். எனவே அவை வெளிச்சமாகத் தெரிய வேண்டும். இயற்பியலாளரான சகோதரர் ஃப்ரீட்ரிஷின் உதவியோடு போருக்குப் பிறகு அவர் உருவாக்கிய படங்களில் நடுவில் வெளிச்சமான உருவங்கள் தெரியவே செய்தன. எதிர்பார்த்த உருவம் எதிர்பார்த்த இடத்தில். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஒரு குழு இதை நம்பித் தானும் இறங்கியது.

1950களின் தொடக்கத்தில் சந்தேகம் எழுந்தது. வெற்று மண்டையோடு ஒன்றை நீரில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே மூளை இல்லை. அதே போன்ற உருவங்கள் வந்தன.

எண்ணிப் பார்த்தால் நடுக்கம் தரும் செய்தி இது. பத்தாண்டுக் காலம் மூளை என்று வாசிக்கப்பட்டது முழுவதும் எலும்பின் கனவேறுபாடு. டுசிக் ஏமாற்றுக்காரர் அல்லர். மருத்துவத்தில் ஒலியால் நோயறியலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் என்ற பெருமை இன்றும் அவருக்கு உண்டு. அவர் செய்தது நாம் எல்லோரும் செய்வதுதான். எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருந்தது, ஆகவே கிடைத்தது. பழம்பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் தன் காலத்து அரசியலை அதில் கண்டுவிடும் ஆய்வேடுகளை ஆண்டுதோறும் திருத்துகிறவர்களுக்கு இது அயலான அனுபவம் அன்று. தங்கள் மண்டையோட்டையே படமெடுத்துவிட்டுச் சங்கப் புலவனின் மூளை என்று தலைப்பிடுகிறார்கள்.

இதே காலத்தில், 1953இன் இறுதியில், சுவீடனின் லுண்ட் நகரில் லார்ஸ் லெக்செல் என்ற அறுவை மருத்துவர் வேறு வழியில் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவிகள் அப்போது தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வந்திருந்தன. நூற்றாண்டைக் கடந்த வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அருவங்காடு. பொருளை உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டிய தேவையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வகைக் கருவியைத்தான் லெக்செல் குழந்தை ஒன்றின் தலையில் வைத்தார். அவர் படம் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் கோடு நடுவில்தான் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா? தள்ளியிருந்தால் மறுபக்கத்தில் ரத்தக் கட்டோ கழலையோ அழுத்துகிறது என்று பொருள். எலும்பு எவ்வளவு கசக்கினாலும் நடுக்கோட்டின் எதிரொலி எத்தனை நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதைப் படித்துவிடலாம். 1970களில் சி.டி. ஸ்கேன் பரவும்வரை உலகெங்கும் விபத்தில் அடிபட்டவர்களை அந்த ஒரு கேள்வி காப்பாற்றிக்கொண்டிருந்தது.

டுசிக் பெரிய கேள்வி கேட்டுப் பொய்யான விடை பெற்றார். லெக்செல் சிறிய கேள்வி கேட்டு மெய்யான விடை பெற்றார். படத்தின் தரம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு இவ்விருவர் நினைவும் சேர்ந்தே வருகிறது.

மூன்றாவதாக வந்தவர் ரூனே ஆஸ்லிட். 1982இல் பொட்டின் வழியாக இரண்டு மெகாஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, மூளையின் அடிப்பகுதி நாளங்களில் ரத்தம் ஓடும் வேகத்தை அளந்துகாட்டினார். கோவையில் நில்லாமல் கடந்து போகும் விரைவு ரயிலின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்குமல்லவா, அதே டாப்ளர் விதி. (நம் மலை ரயிலின் வேகத்துக்கு அந்த வேறுபாடு காதில் விழாது.) டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் என்பது முறையின் பெயர். இதிலும் படம் கிடையாது. கருவி தருவது ஒரு சீற்றொலி, ஒரு வரைகோடு, ஓர் எண். இந்த எண்தான் நீலகிரிக்கு வேண்டியிருக்கிறது.

1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் அரிவாள் செல் தன்மை இருப்பதை முதன்முதலாக அறிவித்தார்கள். அவர்கள் ரத்த மாதிரி எடுத்தது இந்த மலையில். இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் மேல் அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையேயும் அது கண்டறியப்பட்டது. அதுவரை ஆப்பிரிக்க வழிவந்தோரின் நோய் என்றே பெரிதும் எண்ணப்பட்டிருந்தது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு மரபணு மட்டும் வந்தால் தீங்கில்லை. மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. வயநாட்டையும் மலையடிவாரக் காடுகளையும் மலேரியா ஆண்ட நூற்றாண்டுகள் இந்த மரபணுவைத் தங்கவைத்தன என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் சிவப்பணுக்கள் பிறைவடிவமாக வளைந்து விறைத்து நாளங்களில் சிக்குகின்றன. எலும்புக்குள் தாங்க முடியாத வலி, ஓயாத சோகை, தொற்று. சில குழந்தைகளுக்குப் பக்கவாதம்.

பக்கவாதம் திடீரென்று வந்தாலும் அதன் காரணம் திடீரென்று உண்டாவதில்லை. மூளைக்குச் செல்லும் பெருநாளங்கள் சிறிது சிறிதாகக் குறுகுகின்றன. குறுகிய வழியில் ஓட்டம் வேகமெடுக்கும். மலையில் ஓடை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த வேகத்தை முன்கூட்டியே அளந்தால் ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் 1992இல் காட்டினார். பின்னர் அவர் தலைமையில் நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. நொடிக்கு 200 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ சராசரி வேகம் காட்டிய 130 குழந்தைகள். 63 பேருக்குத் தொடர்ந்து ரத்தம் செலுத்தினார்கள், 67 பேருக்கு வழக்கமான மருத்துவம். இரண்டாம் பிரிவில் பதினொரு குழந்தைகளுக்குப் பக்கவாதம் வந்தது. முதற்பிரிவில் ஒரு குழந்தைக்கு. ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். தெரிந்த பிறகு இரண்டாம் பிரிவை அப்படியே விட்டுவைப்பது அறமாகாது. இப்படிப்பட்ட நோயாளிக் குழந்தைகளுக்கு இரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை ஆண்டுக்கொருமுறை டாப்ளர் சோதனை என்பது இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் நெறி. ரத்தம் தொடர்ந்து செலுத்த வழியில்லாத இடங்களில் ஹைட்ராக்சியூரியா மாத்திரை பெருமளவு கைகொடுக்கும் என்பதை நைஜீரியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் வகை ஆப்பிரிக்க வகையைவிட மென்மையானது என்றொரு கூற்று உண்டு. இங்குள்ள நோயாளிகளின் ரத்தத்தில் சிசுப்பருவ ஹீமோகுளோபின் அதிகமாக நீடிப்பதால் அதில் உண்மையும் உண்டு. பக்கவாதமும் ஒப்பளவில் குறைவே. ஆனால் ‘ஒப்பளவில் குறைவு’ என்பது கணக்கெடுப்பவரின் சொல். பாதிக்கப்பட்ட வீட்டில் அதற்கு மதிப்பில்லை.

என்னிடம் படித்த மாணவி ஒருவரின் தம்பிக்கு ஒன்பது வயதில் வலது கையும் காலும் விழுந்தன. அரிவாள் செல் நோய் என்று மூன்று வயதிலேயே தெரியும். பக்கவாதத்துக்குச் சில மாதங்களுக்கு முன் சமவெளியில் ஒரு மருத்துவமனையில் டாப்ளர் சோதனையும் நடந்திருந்தது. அந்தத் தாளை மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துச் சொல்லக் கேட்டார். வலப்பக்க நாளத்துக்கு எதிரே ஓர் எண் இருந்தது, அது ஆபத்தில்லாத எண். இடப்பக்கத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. அடியில், இயல்பு என்று எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார்கள். வலது கையை ஆள்வது இடப்பக்க மூளை. அந்த வெற்றிடத்தில் ஆபத்தான எண் ஒளிந்திருந்ததா, இல்லையா என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஒருவேளை இயல்பாகவே இருந்திருக்கலாம். இயல்பான எண் காட்டிய குழந்தைக்கும் அரிதாகப் பக்கவாதம் வருவதுண்டு. எனக்கு உறுத்துவது வேறு. இடப்பக்கத்தில் ஜன்னல் கிடைக்கவில்லை, அவ்வளவே நடந்தது. கிடைக்கவில்லை என்பது கீழே இறங்கி வருவதற்குள் இயல்பு என்று ஆகிவிட்டது.

ஆனால் இந்தத் துறையில் ‘தரத்தை உயர்த்துதல்’ என்று சொன்னால் முதலில் காட்டப்படுவது வேறொன்று. அதன் சாதனைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பாரீஸைச் சேர்ந்த மத்தியாஸ் ஃபிங்க் கடந்த நூற்றாண்டின் இறுதியிலேயே ஓர் அழகிய உத்தியைக் கண்டார்: எலும்பைத் தாண்டிக் கசங்கி வந்த அலையைப் பதிவு செய்து, காலத்தைத் தலைகீழாக்கி அதே வழியில் திருப்பி அனுப்பினால், போன கசங்கல் வந்த கசங்கலை நீக்கிவிடும். சி.டி. படத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியிலும் எலும்பின் கனத்தை அறிந்து, ஒலியின் ஒவ்வொரு கீற்றையும் அதற்கேற்ப முந்தவோ பிந்தவோ செய்யலாம். கைநடுக்க நோய்க்கு ஒலியைக் குவித்து மூளையின் உள்ளே ஒரு புள்ளியைச் சுட்டு மருத்துவம் செய்வது இன்று நடைமுறையில் இருப்பது இத்தகைய திருத்தங்களால்தான். 2020இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர், பூமிக்கடியில் எண்ணெய் தேடுவோர் கையாளும் கணக்குமுறையை மண்டைக்குப் பொருத்தி, கணினி மாதிரிகளில் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு மூளையை வரைந்து காட்டினார்கள். 2021இல் பிரெஞ்சுக் குழு ஒன்று, ரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி ஒவ்வொரு குமிழியின் பாதையையும் பொட்டின் வழியாகவே பின்தொடர்ந்து, நோயாளியின் மூளையின் ஆழத்தில் ஓடும் மெல்லிய நாளங்களைப் படமாக்கியது. 2024இல் அமெரிக்காவில், விபத்தில் மண்டையெலும்பின் ஒரு பகுதியை இழந்தவருக்கு அவ்விடத்தில் ஒலியைக் கடத்தும் அக்ரிலிக் தகடு பொருத்தி அதன் வழியே மூளையின் செயற்பாட்டைக் கண்டார்கள். உச்சிக்குழியைச் செயற்கையாகத் திரும்பத் திறந்ததுபோல.

இவற்றில் பலவற்றுக்கு முதலில் சி.டி. வேண்டும், பெரிய கணினி வேண்டும், அல்லது நோயாளியிடம் பல மணி நேரம் செலவிட ஓர் ஆய்வுக்குழு வேண்டும். சி.டி. இருக்கும் இடத்தில் ஒலியின் தேவை ஏற்கெனவே பாதி குறைந்துவிட்டது. ஒலி எங்கே தேவைப்படுகிறதோ, அதாவது பையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவியோடு ஒரு செவிலியர் போய்ச் சேரக்கூடிய கடைசிக் கிராமத்தில், தரம் என்ற சொல்லுக்கு வேறு பொருள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 200 என்ற கோடு படமில்லாத பழைய கருவியை வைத்து வகுக்கப்பட்டது. பின்னர் நாளத்தை வண்ணப் படமாகக் காட்டும் கருவிகள் வந்தன. கண்ணுக்கு இதம், கற்றுக்கொள்வதும் எளிது. ஆனால் அதே குழந்தையின் அதே நாளத்தில் அவை பெரும்பாலும் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவான வேகத்தைக் காட்டுகின்றன என்பது பல ஒப்பீடுகளில் தெரிந்தது. பழைய கருவியில் 205 காட்டும் குழந்தை புதிய கருவியில் 185 காட்டும். கோட்டைத் திருத்தாமல் வைத்திருந்தால் அழகான படத்தோடு அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். படம் உயர்ந்தது, அளவு தாழ்ந்தது. இதைத் தர உயர்வு என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று, கையின் தரம். குழந்தைகளிடம் ஜன்னல் கிடைக்காமல் போவதற்குப் பல நேரங்களில் எலும்பு காரணமன்று. அழாமல் அமர்த்தி, பொட்டில் புரோப்பை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துத் தேடும் பொறுமைதான் குறைவு. அழுகிற குழந்தையின் எண்ணும், தூங்குகிற குழந்தையின் எண்ணும், காய்ச்சலில் இருக்கும் குழந்தையின் எண்ணும் வேறு வேறு. இவற்றைக் கற்றுத்தருவது புதிய கருவி வாங்குவதைவிட மலிவு. ஆனால் பயிற்சிக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

இங்கே என் தொழிலுக்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் பல சிதைந்திருந்தன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. யாப்பு அறிந்தவர், சங்கச் சொற்களில் தோய்ந்தவர், தாமே செய்யுள் இயற்ற வல்லவர். ஏடு அரித்த இடத்தில் இரண்டு சீரை இட்டு நிரப்பியிருந்தால் அன்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நிரப்பவில்லை. புள்ளிகள் இட்டார். எண் 266க்குப் பிறகு 269 என்றே பாடல் தொடங்குகிறது. வேறு ஏட்டில் வேறு சொல் இருந்தால் அடிக்குறிப்பில் பாடபேதம் காட்டினார். செல் அரித்த இடம் செல் அரித்த இடமாகவே நமக்கு வந்து சேர்ந்தது. அந்தப் புள்ளிகளை நம்பித்தான் மற்ற வரிகளையும் நம்புகிறோம்.

இப்போது மருத்துவப் படங்களில் செயற்கை நுண்ணறிவு புகுந்துவிட்டது. மங்கிய ஒலிப்படத்தைக் கொடுத்தால் தெளிவான படமாகத் திருப்பித் தரும் மென்பொருள்கள் எழுதப்படுகின்றன. ஆயிரக்கணக்கான மூளைகளைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு ஒரு மூளை எப்படி இருக்கும் என்று தெரியும். எலும்பு மறைத்த இடத்தில் வழக்கமாக அங்கே இருப்பதை வரைந்துவிடும். பெரும்பாலானோருக்கு அது சரியாகவும் அமையும். நோய் என்பதோ வழக்கத்திலிருந்து விலகிய ஒன்று. குறுகிய நாளத்தை எதிர்பாராத மென்பொருள் குறுகாத நாளத்தை நிரப்பித் தருமானால், நாம் டுசிக்கின் வெற்று மண்டையோட்டுக்கே திரும்புகிறோம். இம்முறை படம் மிகத் தெளிவாக இருக்கும் என்பதுதான் வேறுபாடு. டுசிக்கின் மங்கலான படத்தைச் சந்தேகிக்க ஆள் இருந்தது. பளிச்சென்ற படத்தை யார் சந்தேகிப்பார்?

இத்தகைய மென்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைப்பது ஒன்று, இல்லாததை இடுவது வேறொன்று. எந்தப் பகுதி திரும்பி வந்த ஒலியிலிருந்து கிடைத்தது, எந்தப் பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது என்பதைப் படத்திலேயே வேறு நிறத்திலாவது காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஐயர் இட்ட புள்ளிகளை மென்பொருளும் இடட்டும். அது படத்தின் அழகைக் கெடுக்கும், விற்பனையையும் ஒருவேளை கெடுக்கும். கெடட்டும்.

அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கத்தை 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் தொடங்கிவைத்தார். நாற்பது வயதுவரை உள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது நோக்கம். சோதித்தவர்களுக்கு அட்டை வழங்குகிறார்கள். நல்ல தொடக்கம். நீலகிரியில் இதற்குப் பல்லாண்டு முன்பே கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினியும், கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இந்நோய்க்காக உழைத்துவந்திருக்கின்றன. 2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து இன்னும் தொலைவு. நாள்கூலியை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் ‘அடுத்த ஆண்டும் வாருங்கள்’ என்று சொல்வதைவிட, டாப்ளர் கருவி அவர்களிடம் போவதே முறை. யாருக்கு நோய் என்று ரத்தச் சோதனை சொல்கிறது. அவர்களுள் எந்தக் குழந்தையின் மூளை ஆபத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அட்டை கொடுத்ததோடு கணக்கை முடித்துவிட்டால், நோய் இருப்பதை அறிவித்துவிட்டுப் பக்கவாதத்துக்குக் காத்திருப்பதாக ஆகும்.

கருவி போகும்போது அதனுடன் போகும் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலம், இடம் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். இயல்பு, எல்லைநிலை, ஆபத்து என்பவற்றோடு நான்காவதாக ‘அளக்க இயலவில்லை’ என்பதும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இந்த நான்காவது கட்டத்தில் குறியிட்டால் அடியில் ‘இயல்பு’ என்று எழுதிக் கையொப்பமிட இடமே இருக்கக் கூடாது. மறுசோதனைக்கான தேதி எழுதும் இடம் மட்டுமே இருக்க வேண்டும். எந்த வகைக் கருவியில் அளந்தது என்பதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பதைத் தமிழாசிரியரின் வழக்கமான கோரிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். அந்த மாணவியின் தாய் பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவர், பேருந்தின் பலகையைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ‘இடப்பக்கம் பார்க்க முடியவில்லை, மீண்டும் வரவும்’ என்று அந்தத் தாளில் இருந்திருந்தால் அதையும் படித்திருப்பார்.